ரெட்டை அடி

ஜூலை 14, திங்கள்

இன்று முதல் கம்பு என்னுடையது. பேண்டு இன்ஸ்பெக்டர் பிரிட்டோ ஐயா இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார், நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். ஐந்தடி நீளம், தலையில் வெள்ளிக் குமிழ். கூடவே ஒரு நோட்டும் கொடுத்தார். டிரம் மேஜர் ஆனவர் தினமும் பயிற்சிக் குறிப்பு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். அதில் 'காலைப் பயிற்சி நல்லபடியாக நடந்தது' என்று எழுதிவிட்டேன். நல்லபடியாக நடக்காததை எழுதுவதற்குக் கடைக்குப் போய் இந்த நோட்டை நானே வாங்கினேன்.

டிரம் மேஜர் என்றால் டிரம் அடிப்பவள் என்று என் அம்மா உட்பட எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எதையும் அடிப்பதில்லை, எதையும் ஊதுவதில்லை. மாவட்ட ஆயுதப்படை பேண்டில் எல்லோருக்கும் முன்னால் கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். டிரம் அடிப்பவர் என் வீட்டுக்காரர் உச்சிமாகாளி. ஏட்டு. பதினாறு வருஷமாகப் பெரிய டிரம் அவர் வயிற்றில்தான் தொங்குகிறது. இந்தக் கம்புக்கு அவரும் மனுப் போட்டிருந்தார். தேர்வு அன்று சுண்ணாம்புக் கோட்டில் வந்து நிற்கச் சொன்னால், கோட்டைத் தாண்டி மூன்றடி போய் நின்றார். நான் கோட்டிலேயே நின்றேன். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆகஸ்ட் 15 வரைக்கும் தற்காலிகம்தான் என்று பிரிட்டோ ஐயா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒழுங்காக நடத்தினால் நிரந்தரம். இல்லாவிட்டால் நான் பழையபடி சிம்பல் தட்டப் போக வேண்டும். பன்னிரண்டு வருஷம் தட்டியாகிவிட்டது. போதும்.

வீட்டுக்காரர் கம்பைத் தொட்டுப் பார்த்து, "நல்லா தொடச்சு வையி" என்றார். வாழ்த்து அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

முதல் கோளாறு. அதைச் சொல்வதற்கு முன் ரெட்டை அடியைச் சொல்லிவிடுகிறேன். பாட்டை நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் நான் கம்பை நேராக மேலே உயர்த்துவேன். அதைப் பார்த்துப் பெரிய டிரம்காரர் தம் தம் என்று இரண்டு அடி சேர்த்து அடிப்பார். ஊதுகிறவர்கள் யாரும் கம்பைப் பார்ப்பதில்லை. அந்த ரெட்டை அடியைக் கேட்டு, ஓடிக்கொண்டிருக்கிற வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் நான் 'ஹால்ட்' சொல்ல முடியும். ஆக, என் கம்புக்கும் மற்ற அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவருக்குத்தான் நான் சோறு போடுகிறேன்.

இன்று கம்பை உயர்த்தினேன். அடி வரவில்லை. இறக்கி மறுபடி உயர்த்தினேன். வரவில்லை. டிரம் மேஜர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே நான் நேராக நடந்தேன், பின்னால் மொத்த பேண்டும் வாசித்துக்கொண்டே வந்தது. மைதானம் முடிந்து காம்பவுண்டுச் சுவர் வந்தது. சுவரைப் பார்த்தபடி மார்க் டைம் போட்டு ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தோம்.

கேட்டதற்கு, "வெயில் கண்ணுல அடிச்சுது" என்றார். பதினாறு வருஷமாக அடிக்காத வெயில்.

ஜூலை 18, வெள்ளி

சீலா மீன் குழம்பு. நடுத்துண்டு மூன்றும் பக்கத்து வீட்டு ரெஜினாவுக்குப் போனது. அவருக்குத் தலை.

ஜூலை 22, செவ்வாய்

ரெஜினா கார்னெட் ஊதுகிறவள். போலீஸ் குடியிருப்பில் எனக்கு அடுத்த கதவு. இன்று மூன்று பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்குப் போனோம். நகைக்கடை வாசலில் நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்ற காவல்காரருக்கு என் வீட்டுக்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அந்த மனுஷன் பதறிப்போய்க் கதவை அகலத் திறந்துவிட்டார். ரெஜினா சிரித்துச் சிரித்துத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவரோ, "எல்லாரையும் மதிக்கணும்" என்று ஒரு தத்துவம் சொன்னார். கட்டினவளின் கம்பை மதிக்கத் தெரியாது, நகைக்கடைக் காவலை மதிப்பாராம்.

திரும்பும்போது பஸ் வந்தது. "எந்த ஊருன்னு பாரு" என்றார். ஏன், உங்களுக்குப் படிக்கத் தெரியாதா என்றேன். போர்டில் பெயிண்ட் போய்விட்டதாம். போர்டு புத்தம் புதிது. நான் கம்பு பிடித்த நாளிலிருந்து என்னை எடுபிடி ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஒரு ஆசை.

ஜூலை 26, சனி

இரண்டாவது கோளாறு. இந்தத் தடவை ரெட்டை அடி வந்தது, நான் கம்பை உயர்த்தாதபோது. கம்பை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினேன், உயர்த்தியதாக நினைத்துவிட்டாராம். பாதிப் பாட்டில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். டியூபா மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போனது.

சாயங்காலம் டிவியை மறைத்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவருடைய பின்மண்டைதான் தெரிந்தது. வேண்டுமென்றே செய்கிறார். பொறாமை என்று வந்துவிட்டால் ஆண்பிள்ளைக்கு நாற்காலி போடுகிற இடத்தில்கூட அது தெரியும்.

இரண்டு பேரும் பேசுவதில்லை. சோறு வைக்கும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

இனி தினமும் விடிகாலை ஐந்து மணிக்குத் தனியாக மைதானத்துக்குப் போகப் போகிறேன். கம்பை எந்த அடியில் எந்தக் காலுக்கு உயர்த்துகிறேன் என்பதில் ஒருவரும் குறை சொல்லக் கூடாது. இடது கால் தரையில் படும்போது குமிழ் உச்சியில் இருக்க வேண்டும். இன்று நாற்பது தடவை செய்தேன். திரும்பி வந்தபோது அவர் வீட்டில் இல்லை. அரை மணி கழித்து வந்தார். நடைப்பயிற்சியாம். இதுவும் புதிது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அவருடைய சிறுத்தைத் தோலைத் துவைத்தேன். நிஜத் தோல் இல்லை, புள்ளி போட்ட வெல்வெட் துணி. பெரிய டிரம்காரர் அதை முன்னால் கட்டிக்கொள்வது ராணுவக் காலத்து வழக்கம். நல்ல ஷாம்பு போட்டுத்தான் துவைத்தேன். கோபம் வேறு, துணி வேறு.

கொடியில் காயப்போடும்போது ரெஜினா வந்தாள். தங்கப்பழம் ஏட்டையா டிரம் மேஜராக இருந்தவரைக்கும் ஒருநாள்கூட இப்படி ஆனதில்லையே என்றாள். தங்கப்பழம் ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றவர். ஆறடி இரண்டு அங்குலம். கம்பை உயர்த்துவதற்கு முன் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு செருமல் செருமுவார். அவர் ஆம்பளை, ஆகவே மரியாதை. நான் பொம்பளை, அதுவும் கட்டின பொம்பளை. வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்டேன். ரெஜினா சிறுத்தையைத் திருப்பிப் போட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஐந்தரை மணி. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. இருபதாவது தடவை கம்பை உயர்த்தும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தேன். லுங்கி, தலையில் துண்டு, முகத்தில் கண்ணாடி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் மைதானத்திலேயே பொம்பளையை ஒளிந்து நின்று பார்க்கிற அளவுக்கு ஒருத்தனுக்குத் தைரியமா என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பார்க்காத மாதிரி நடந்து, தொட்டியை அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், பின்னாலிருந்து கம்பின் குமிழை அவன் முதுகில் வைத்து, "அசையாத" என்றேன்.

"ஏட்டி, நான்தான்" என்றான் அவன்.

வீட்டுக்காரர். கண்ணாடியைக் கழற்றி லுங்கி மடிப்பில் சொருகப் பார்த்தார். பிடுங்கிப் பார்த்தேன். சோடாபாட்டில் அடிப்பாகம் மாதிரி இருந்தது.

"எத்தனை பவரு?"

"மைனஸ் நாலு."

மூன்று வருஷமாக வைத்திருக்கிறாராம். உள்ளூர்க் கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று மதுரைக்குப் போய் வாங்கியிருக்கிறார். அது இல்லாமல் நான் அவருக்கு ஒரு வெள்ளைக் கலங்கல், என் கம்பு அந்தக் கலங்கலுக்கு மேலே ஒரு மினுக்கல். முன்னால் தங்கப்பழத்தின் செருமலைக் கேட்டுத்தான் ரெட்டை அடி அடித்துக்கொண்டிருந்தார். செருமல் ஓய்வு பெற்றுப் போய்விட்டது. தேர்வு அன்று சுண்ணாம்புக் கோடும் தெரியவில்லை.

இத்தனை நாள் போட்டுத் தொலைய வேண்டியதுதானே என்றேன். "பேண்டுல கண்ணாடி போடக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குல்லா. தெரிஞ்சா டிரம்மை வாங்கிட்டு கருவூலத்துல காவலுக்கு நிப்பாட்டிருவாங்க" என்றார். பிரிட்டோ ஐயா போடுகிறாரே என்றேன். "அவரு ஆபீசர்" என்றார்.

எத்தனை நாளாக இந்தத் தொட்டிக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். இன்றைக்குத்தான் வந்தாராம்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கல்யாணத்தில்கூட அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை. சொல்லமாட்டேன் என்றேன்.

பொறாமை என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். மை வீணாகிவிடும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீன் வாங்கினேன். நடுத்துண்டு அவருக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

செருமிப் பார்த்தேன். கம்பை உயர்த்துவதற்கு முன் நல்ல ஆழமாக ஒரு செருமல். ரெட்டை அடி கச்சிதமாக வந்து விழுந்தது. பிரிட்டோ ஐயா முகம் மலர்ந்தது. பயிற்சி முடிந்ததும் ரெஜினா எனக்குத் துளசியும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொண்டுவந்தாள். குடித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒத்திகை. எஸ்.பி. வந்திருந்தார். மைதானத்தைச் சுற்றி ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் 'ஹலோ மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்று ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தார். நான் செருமினேன். என் செருமல் எனக்கே கேட்கவில்லை. கம்பை உயர்த்தினேன், ரெட்டை அடி வரவில்லை. எஸ்.பி. பேசுவதற்கு மைக் முன்னால் வந்து வாயைத் திறந்தார். பேண்டு வாசித்தது. மூடினார். மறுபடி திறந்தார். நாலு தடவை திறந்து மூடினார். ஐந்தாவது தடவை பிரிட்டோ ஐயாவே ஓடிவந்து கையை வீசி நிறுத்தினார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோளாறு கம்பில் இல்லை, டிரம்மில்தான் என்று தனக்குத் தெரிகிறது என்றார். நாளையே பெரிய டிரம்முக்கு வேறு ஆள், உச்சிமாகாளி கருவூலக் காவலுக்கு என்றார்.

பதினாறு வருஷம் ஆயிற்று. அவர் தூக்கத்தில்கூட விரலால் கட்டில் சட்டத்தில் நடை அடிப்பவர். அந்த ஆளைத் துப்பாக்கியோடு பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கவைத்தால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும்.

"தப்பு என்னதுதான் ஐயா. நான்தான் கம்பை லேட்டா ஒசத்துதேன்" என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "எழுதிக் குடுப்பியா? எழுதிக் குடுத்தா நாளன்னைக்கு கம்பு உன் கையில இருக்காது. தெரியும்லா?"

தெரியும் என்றேன். எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. 'கம்பைத் தாமதமாக உயர்த்தியது என் தவறு. பெரிய டிரம் ஏட்டு உச்சிமாகாளி அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. கீழ்ப்படிதலுள்ள முத்துப்பேச்சி.' கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன்.

வீட்டில், கம்பைப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தேன். குளிக்கப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். முப்பது நாள்தான் அந்தக் கம்பு என்னிடம் இருந்தது. அதற்குள் தோள் அதற்குப் பழகிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் பிரிட்டோ ஐயா என் கடிதத்தை என்னிடமே கொடுத்து ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் வைக்கச் சொன்னார். அவர் எதிரில் உட்கார்ந்தே கோப்பைத் திறந்தேன். தடிமனான கோப்பு. நடுவில் பழைய ஆர்டர் ஒன்று கண்ணில் பட்டது. இருபது வருஷத்துக்கு முந்தையது. 'அணிவகுப்பின்போது பேண்டு வாத்தியக்காரர்கள் எவரும் கண்ணாடி அணிதல் கூடாது.' வீட்டுக்காரர் பயப்படுவது இதற்குத்தான் என்று அடுத்த தாளைப் புரட்டினேன். அது டிரம்பெட் ஊதுகிற ஒருவருடைய விளக்கக் கடிதம். 'எனது மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த கூலிங் கிளாஸை ஆர்வக் கோளாறினால் குடியரசு தின அணிவகுப்பில் அணிந்து வந்துவிட்டேன். இனி ஒருபோதும் கண்ணாடி அணியமாட்டேன் என உறுதி கூறுகிறேன்.'

சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பிரிட்டோ ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

சும்மா ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். கண்ணாடி போட்டவர்கள் பேண்டில் இருக்கலாமா என்று கேட்டேன். ஏன் இருக்கக் கூடாது, நானே போட்டிருக்கிறேனே என்றார். ஆர்டரைக் காட்டினேன். அவர் படித்தார், விளக்கக் கடிதத்தையும் படித்தார், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அது கூலிங் கிளாஸுக்குப் போட்டது, ரைட்டர் சுருக்கமாகக் கண்ணாடி என்று அடித்துவிட்டார் என்றார். அப்புறம் சிரிப்பு நின்றது. ஆர்டரைப் பார்த்தார், என் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை பவரு?" என்றார்.

"மைனஸ் நாலு" என்று சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். சத்தியம் ஐந்து நாள் தாங்கியது.

அவர் கோப்பிலிருந்து என் கடிதத்தை உருவி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "காலையில ஆறு மணிக்கு ரெண்டு பேரும் வந்துருங்க. நீ கம்போட. அவன் கண்ணாடியோட."

வீட்டுக்காரர் நம்பவில்லை. ஆர்டரில் கண்ணாடி என்றுதானே போட்டிருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கூலிங் கிளாஸ் என்றேன். கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு அந்த ரைட்டர் இப்போது எந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று கேட்டார். சொல்லவில்லை.

கடிதத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அது எதற்கு?

ஆகஸ்ட் 15, வெள்ளி

தலைப்பாகை வைத்தால் கண்ணாடி நழுவுகிறது என்றார். எலாஸ்டிக் தைத்துப் பின்மண்டையில் மாட்டிவிட்டேன். சிறுத்தைத் தோல், வெள்ளைக் கையுறை, சோடாபாட்டில் கண்ணாடி. ரெஜினா பார்த்துவிட்டுக் கார்னெட்டை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

கலெக்டர் மேடைக்கு நேர் எதிரே வந்தோம். எனக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் இருப்பவர்களைப் பார்க்க முடியாது. செருமவில்லை. இடது கால் தரையில் பட்டது, குமிழ் உச்சிக்குப் போனது.

தம் தம்.

ஒரு நூல் முன்னே பின்னே இல்லை. பாட்டு அந்த வரியோடு நின்றது. மைதானத்தில் எங்கள் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. 'ஹால்ட்' என்றேன், குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. கண்ணீர் தாடை வரை இறங்கியது. டிரம் மேஜர் கையை எடுத்துத் துடைக்கக் கூடாது. துடைக்கவில்லை. கலெக்டர் பார்த்திருப்பார். பார்க்கட்டும். பேண்டில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரே வந்த பஸ் போர்டு, பல் ஆஸ்பத்திரிப் பலகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தார். காது வலித்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பு நிரந்தரம். ஆர்டர் வந்துவிட்டது. பழைய ஆர்டரையும் திருத்திப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். 'கறுப்புக் கண்ணாடி' என்று தடித்த எழுத்தில்.

சாயங்காலம் தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேண்டு அறையிலிருந்து வந்து அடுப்படி வாசலில் நின்றார். கையில் மடித்த காகிதம். பிரிட்டோ ஐயா, வீட்டில் போய்ப் படி என்று கொடுத்தாராம். வழியிலேயே படித்துவிட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீ கம்பை லேட்டா ஒசத்துனன்னு எழுதியிருக்க."

ஆமாம் என்றேன்.

"எதுக்குப் பொய் எழுதுன? ஒரு நாளும் நீ லேட்டா ஒசத்துனது கெடையாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. சட்னியில் தண்ணீர் அதிகமாகிவிட்டது வேறு. "நீங்க எங்க பாத்தீய? ஒங்களுக்குத்தான் கம்பே தெரியலையே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைக்கத் தேவையே இல்லை, காலையில்தான் நான் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

"தொட்டிக்குப் பின்னால நின்னு பாத்தேன்லா" என்றார். "நீ தனியாப் போன மொத நாள்லருந்து. தெனமும். ஒரு தடவைகூடத் தப்பல, பேச்சி. எண்ணிக்கிட்டே இருந்தேன்."

தோசைக்கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. நான் மாவை ஊற்றவில்லை. அவர்தான் வந்து அடுப்பைக் குறைத்தார்.